ஊர்ப்பொருள் ஊரில் நிற்க!

ஒரு நாட்டின் செல்வநிலையை அளப்போர், அந்நாட்டுக்குள் எவ்வளவு பணம் வந்தது என்பதையே பெரும்பாலும் எண்ணிப் பார்க்கின்றனர். வந்த பணம் எங்கே தங்கிற்று, எத்தனை நாள் தங்கிற்று, எவர் கையில் தங்கிற்று என்று வினவுவோர் மிகச் சிலரே. வானம் பொழிந்த மழையை மட்டும் அளந்துவிட்டு, ஏரியின் கரை உடைந்து கிடப்பதைப் பாராமல், 'இவ்வாண்டு மழை மிகுதி. எனவே விளைச்சலும் மிகுதி' என்று ஒருவன் பறையறைந்தால் உழவர் அவனை எள்ளி நகைப்பர். பொருளியலிலோ அத்தகைய பறையறைவோர்க்கே அறிஞர் என்னும் பெயரும் மாலையும் கிடைக்கின்றன.

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசின் பொருட்பணியை நான்காகப் பகுத்து வைத்திருக்கிறது. பொருள் வரும் வழிகளைப் படைப்பது ஒன்று. வந்ததைச் சேர்ப்பது ஒன்று. சேர்த்ததைக் காப்பது ஒன்று. காத்ததை முறையறிந்து பகிர்வது ஒன்று. இந்நான்கும் வல்லதே அரசு என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். இற்றை நாள் அரசுகள் முதலாவதைப் பற்றி மேடைதோறும் முழங்குகின்றன. நான்காவதைத் தேர்தல்தோறும் நினைவு கூர்கின்றன. இடையிலுள்ள காத்தல் என்னும் கடமையை மட்டும் எவரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. காக்கப்படாத பொருளைப் பகிர்வதற்கில்லை. பகிர்வதற்கில்லாத அரசு கடன் வாங்கிப் பகிர்கிறது. இதுவே இன்றைய நிலை.

ஓர் ஊரின் பொருள் வெளியேறும் வாயில்கள் மூன்று.

முதல் வாயில், வாங்குதல். ஊரிலுள்ள மருத்துவமனையும் பள்ளியும் மாணவர் விடுதியும் நகராட்சியும் நாள்தோறும் அரிசி, பருப்பு, துணி, நாற்காலி, தாள், வண்ணப்பூச்சு என எத்தனையோ பண்டங்களை வாங்குகின்றன. அப்பணம் மக்கள் கொடுத்த வரிப்பணம். அதனை உள்ளூர் நெசவாளரிடமோ தச்சரிடமோ உழவரிடமோ கொடுத்தால், அவர் அதே பணத்தைக் கொண்டு அவ்வூர் மளிகைக் கடையில் பொருள் வாங்குவார். கடைக்காரர் அவ்வூர்த் தையற்காரருக்குக் கூலி கொடுப்பார். ஓர் உருபா ஊரைவிட்டு நீங்குமுன் நான்கு வீட்டு அடுப்பை எரித்துவிட்டுச் செல்லும். அதனையே தொலைநகரத்துப் பெருநிறுவனத்திடம் கொடுத்தால், அவ்வுருபா வந்த அன்று மாலையே ஊரைக் கடந்துவிடும்.

இரண்டாம் வாயில், உடைமை. தொழிலகம் ஊரில் இருக்கலாம். புகை ஊரில் படியலாம். கழிவு ஊர் ஆற்றில் கலக்கலாம். ஆனால் அதன் உரிமையாளர் வேறொரு நாட்டில் இருப்பாராயின், கூலி மட்டுமே ஊருக்கு. ஊதியம் (இலாபம்) அத்தனையும் வெளியாருக்கு. கூலி பெறும் ஊர் உயிர் வாழும். ஊதியம் பெறும் ஊரே வளரும்.

மூன்றாம் வாயில், வைப்பு. ஊர்மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்பகத்தில் இட்ட பணம், அவ்வூர்ச் சிறுதொழிலுக்குக் கடனாகத் திரும்பி வருகின்றதா என்பது வினா. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, மாநில அளவில் மக்கள் இட்ட வைப்புக்கு வழங்கிய கடன் குறைவன்று என்பது மெய். ஆனால் மொத்தக் கணக்கு மொத்தத்தையே காட்டும். பெருங்குழுமம் ஒன்றுக்குக் கொடுத்த கடனும், தறி வாங்க ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த கடனும் அக்கணக்கில் ஒரே பத்தியில் அடங்கிவிடும். எந்த ஊரின் பணம் எந்தத் தொழிலுக்குப் போயிற்று என்பதை அந்தப் பத்தி சொல்லாது.

இம்மூன்று வாயில்களையும் அடைக்கும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. 1906-ஆம் ஆண்டு அக்தோபரில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கம் எத்தகையது? பத்து இலக்கம் உருபா முதல். அதனை இருபத்தைந்து உருபாப் பங்குகள் நாற்பதாயிரமாகப் பகுத்தார் அவர். செல்வர் சிலர் கையில் கப்பலை ஒப்படைக்காமல், எளிய வணிகரும் பங்காளராகும்படி வகுத்த திட்டம் அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே செல்லும் கப்பலின் கட்டணப் பணம் ஆங்கிலேயர் பைக்குள் போகாமல் தம் மக்கள் கையில் நிற்க வேண்டும் என்பதே அதன் உள்ளுறை. ஆங்கிலக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. ஆங்கில ஆட்சி அந்நிறுவனத்தின் பக்கம் நின்றது. 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. மக்கள் முதல் திரட்டினாலும், ஆட்சி அவர் பக்கம் இல்லையேல் அம்முதல் நிலைக்காது என்பது அவ்வரலாறு கற்பிக்கும் பாடம். சிதம்பரனார் செக்கிழுத்த கொடுமையைச் சொல்லிக் கண்ணீர் உகுக்கும் மேடைகள் பல. அவர் பங்கு திரட்டிய முறையைச் சொல்லிப் பாடம் கற்கும் மேடைகள் எத்தனை?

வைப்பகங்களின் வரலாறும் அத்தகையதே. கும்பகோணத்தில் 1904-இலும், கரூரில் 1916-இலும், தூத்துக்குடியில் 1921-இலும், மீண்டும் கரூரில் 1926-இலும் வணிகர்கள் தத்தம் ஊரிலேயே வைப்பகங்களைத் தோற்றுவித்தனர். கடன் கேட்டு வருவோனின் கடையையும் அவன் தந்தையின் நாணயத்தையும் அறிந்தவர்கள் கடன் கொடுத்தனர். அதனால் சிறுவணிகம் தழைத்தது. மதுரையில் 1943-இல் கருமுத்து தியாகராசர் தோற்றுவித்த வைப்பகம் 2001-இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பெருவைப்பகம் ஒன்றில் கரைந்தது. கரூரில் 1926-இல் தோன்றிய இலட்சுமி விலாசு வைப்பகம், வட்டாரச் சிறுதொழிலை விட்டுப் பெருங்குழுமங்களை நோக்கித் திரும்பி, அவற்றுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடன்களாகி நலிந்தது; 2020 நவம்பரில் சிங்கப்பூர் வைப்பகம் ஒன்றின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. வைப்பாளர் பணம் காக்கப்பட்டது. பங்காளர் முதல் முற்றும் அழிந்தது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கரூர் வணிகர் வளர்த்த மரத்தின் நிழல் சில நாள்களிலேயே வேற்று நாட்டார் முற்றத்துக்கு மாறியது. தன் ஊரை மறந்த வைப்பகத்தைத் தன் ஊராலும் காக்க முடியவில்லை.

கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கமும் தமிழ் மண்ணோடு பிணைந்ததே. சென்னை மாகாண அரசின் பணிப்பால் பிரடெரிக் நிக்கல்சன் செருமனி முதலிய நாடுகளின் சிற்றூர்க் கடன் கழகங்களை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அறிக்கைகள் அளித்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் கழகச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர்க்கான கடன் கழகம் தோன்றிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவுக் கழகம் தோன்றிற்று. 1935-இல் கைத்தறி நெசவாளர்க்கெனத் தலைமைக் கூட்டுறவுக் கழகம் அமைந்தது. அதுவே இன்றைய கோ-ஆப்டெக்சு. வட்டிக்கடைக்காரனிடமிருந்து உழவனையும், நூல் கொடுத்துத் துணி பறிக்கும் இடைத்தரகனிடமிருந்து நெசவாளனையும் மீட்பதற்கு எழுந்தவை இவை. ஊர்ப்பொருள் ஊரில் நிற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கட்டிய கரைகள் இவை.

இனி வெளிநாடுகளில் நடந்தவற்றைக் காண்க. வெளிநாட்டார் செய்தால்தான் ஒரு செயலை மதிப்பது என்னும் அடிமைப் புத்திக்காக அன்று. செய்தால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்குக் கணக்குக் காட்டுவதற்காக.

இங்கிலாந்தின் வடமேற்கில் இலங்காசயர் வட்டாரத்தில் பிரெசுட்டன் என்பது ஒரு நகரம். பஞ்சாலைகளால் வாழ்ந்து, பஞ்சாலைகள் மூடப்பட்டபின் நலிந்த ஊர். பெரும் அங்காடி வளாகம் ஒன்று வந்து ஊரைக் கரையேற்றும் என்று அதன் நகராட்சி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. எழுபது கோடிப் பவுன் மதிப்புள்ள அத்திட்டம், பெருங்கடை ஒன்று பின்வாங்கியதால் 2011-இல் கலைந்து போயிற்று. நடுவண் அரசு தரும் பணமும் குறைந்துகொண்டே வந்தது. வெளியிலிருந்து வரும் செல்வரை நோக்கிக் கைகூப்பி நிற்பதில் பயனில்லை என்று கண்ட நகரவை, தன்னிடம் ஏற்கெனவே உள்ள பணம் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்க்கத் துணிந்தது.

நகராட்சி, வட்டார ஆட்சி, காவல்துறை, கல்லூரிகள், வீட்டுவசதிக் கழகம் என ஆறு பொது அமைப்புகளின் கொள்முதல் கணக்கு எடுக்கப்பட்டது. 2012-13-இல் அவை செலவிட்டது ஏறத்தாழ 75 கோடிப் பவுன். அதில் பிரெசுட்டன் நகருக்குள் நின்றது வெறும் 5 விழுக்காடு. இலங்காசயர் வட்டாரம் முழுவதையும் சேர்த்தாலும் 39 விழுக்காடு. எஞ்சியது வெளியேறிக் கொண்டிருந்தது. அதன்பின் ஒப்பந்தங்களை அவர்கள் கூறுபடுத்தினர். பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவை ஒரே பெருநிறுவனத்திடம் ஒப்படைக்காமல், முட்டை, தயிர் என வகை வகையாகப் பிரித்தனர். உள்ளூர்ப் பண்ணையாரும் சிறுவணிகரும் அவற்றைப் பெற முடிந்தது. 2016-17-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது, மொத்தச் செலவு 61.6 கோடிப் பவுனாகக் குறைந்திருந்தது. ஆயினும் நகருக்குள் நின்ற பங்கு 18.2 விழுக்காடாகவும், வட்டாரத்துக்குள் நின்ற பங்கு 79.2 விழுக்காடாகவும் உயர்ந்திருந்தன. அதாவது, செலவு குறைந்தது. ஊருக்குக் கிடைத்தது 3.8 கோடியிலிருந்து 11.2 கோடியாகப் பெருகிற்று. புதிய வரி விதிக்கப்படவில்லை. புதிய கடன் வாங்கப்படவில்லை. வெளிநாட்டுச் செல்வர் எவரும் அழைக்கப்படவில்லை. உடைந்த கரை அடைக்கப்பட்டது, அவ்வளவே.

உடைமையைப் பற்றி அறிய வேண்டுமாயின் பாசுக்கு நாட்டைக் காண வேண்டும். இசுபெயினின் வடக்கில், தனக்கென்று தொன்மொழி உடைய அம்மக்கள், பிராங்கோவின் வல்லாட்சியில் மொழியுரிமை பறிக்கப்பட்டு ஒடுங்கிக் கிடந்த காலத்தில், ஓசே மரியா அரிசுமெந்தியரியேத்தா என்னும் கிறித்துவக் குரு மொண்டிராகோன் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். அவர் முதலில் தொழிற்சாலை கட்டவில்லை. 1943-இல் தொழிற்பள்ளி ஒன்றைக் கட்டினார். அப்பள்ளியில் பயின்ற இளைஞர்கள் 1956-இல் முதல் தொழிற் கூட்டுறவை நிறுவினர். 1959-இல் தமக்கென்று ஒரு வைப்பகத்தை நிறுவினர். ஊரார் சேமிப்பு ஊர்த்தொழிலுக்கே கடனாயிற்று. இன்று எழுபதாயிரம் அளவினர் பணிபுரியும் பெருங்கூட்டமைப்பாக அது வளர்ந்து நிற்கிறது. உழைப்போரே உரிமையாளர், ஆளுக்கொரு வாக்கு, மேலாளர் பெறும் கூலிக்கும் கடைநிலைத் தொழிலாளி பெறும் கூலிக்கும் உள்ள இடைவெளிக்கு வரம்பு உண்டு. 2013-இல் அவர்களின் வீட்டுக் கருவித் தொழிலகம் நொடித்துப் போனபோது, பணியிழந்த கூட்டுறவு உறுப்பினருள் பெரும்பகுதியினருக்கு ஏனைய கூட்டுறவுகளில் இடம் அளிக்கப்பட்டது. நொடிப்பு அவர்களுக்கும் வந்தது; ஆனால் தெருவில் நிறுத்தப்படுதல் வரவில்லை. பள்ளி, தொழில், வைப்பகம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையே கரணியம்.

நிலத்தைப் பற்றி அறிய வேண்டுமாயின் இசுக்காத்துலாந்தைக் காண்க. எய்கு என்னும் சிறு தீவு தலைமுறை தலைமுறையாக வெளியூர்ச் செல்வரின் உடைமையாகக் கைமாறிக் கொண்டிருந்தது. 1997-இல் அங்கு வாழ்ந்த மக்கள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டித் தம் தீவைத் தாமே விலைக்கு வாங்கினர். 2008-இல் காற்று, கதிரவன், நீர் ஆகியவற்றிலிருந்து தம் மின்னாற்றலைத் தாமே ஆக்கத் தொடங்கினர். ஊர்மக்கள் கூடி நிலம் வாங்கும் முன்னுரிமையை 2003-இல் இசுக்காத்துலாந்து நாடாளுமன்றம் சட்டமாக்கியது. 2025 மார்ச்சுத் திங்களில், ஊர்ச்செல்வத்தை ஆக்குதலையும் காத்தலையும் அரசின் கடமையாக்கும் சட்ட முன்வரைவே அம்மன்றத்தில் முன்வைக்கப்பட்டது. சிறிய நாடு, தனியரசும் இல்லாத நாடு, ஆயினும் தன் ஊர்களைப் பற்றிச் சட்டமன்றத்தில் எண்ணுகிறது.

இவற்றோடு ஒப்பிடத் தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு, நிரம்ப உண்டு. எளியோர்க்கு வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983-இல் தொடங்கியபோது, உடுப்போர்க்கு ஆடை என்பது அதன் ஒரு கை. நெய்வோர்க்கு வேலை என்பது மறு கை. பள்ளிப் பிள்ளைகளின் சீருடைத் துணியை நெசவாளர் கூட்டுறவுகள் நெய்கின்றன; மகளிர் தையற் கூட்டுறவுகள் தைக்கின்றன. 1972-இல் தோன்றிய நுகர்பொருள் வாணிகக் கழகம் உழவரிடம் நெல்லை நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. தமிழ்நாட்டிலுள்ள உணவுப் பங்கீட்டுக் கடைகளுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுக் கழகங்களே நடத்துகின்றன. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் தன்னுதவிக் குழுக்கள் மாநிலம் எங்கும் பரவின. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி மறு ஆண்டில் மாநிலம் முழுவதும் விரிந்த காலையுணவுத் திட்டத்தில் அக்குழுக்களின் பெண்களே சமைக்கின்றனர். பிள்ளைக்கு உணவு, தாய்க்கு வேலை, ஊருக்குப் பணம். பிரெசுட்டன் நகரத்தார் பத்து ஆண்டுகள் முயன்று கண்ட நெறியைத் தமிழகம் தன்னையறியாமலே பல இடங்களில் கையாண்டு வருகிறது.

தன்னையறியாமல் என்பதே குறை. அறிந்து செய்யாமையால் ஒரு கை கட்டுவதை மறு கை அவிழ்க்கிறது. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2007-இலிருந்து பங்கீட்டுக் கடைகளில் துவரம்பருப்போடு பாமாயில் எனப்படும் செம்பனை எண்ணெயும் விற்கப்படுகிறது. அட்டைக்கு ஓர் இலிட்டர் இருபத்தைந்து உருபா. அட்டைகளோ இரண்டு கோடிக்கு மேற்பட்டவை. அவ்வெண்ணெயில் பெரும்பகுதி மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைவது. கடையில் விற்கும் விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியைத் தமிழக மக்களின் வரிப்பணம் நிரப்புகிறது. பொள்ளாச்சியிலும் பேராவூரணியிலும் தென்னை உழவர்கள், காய்க்கு விலையில்லாமல் தவித்த ஆண்டுகளில், 'எம் தேங்காய் எண்ணெயைப் பங்கீட்டுக் கடையில் விற்றுத் தாருங்கள்' என்று போராடினர். கடலையும் எள்ளும் விளைந்த மானாவாரி நிலங்களில் செக்கொலி அடங்கிப் போயிற்று. தமிழக உழவனின் வரிப்பணம் கடல் கடந்து வேற்று நாட்டுத் தோட்டத்துக்கு உரமிடுகிறது. அவன் தோட்டத்துத் தேங்காயோ களத்தில் கிடந்து முளைவிடுகிறது. எளியோர்க்கு எண்ணெய் வழங்கியது குற்றமன்று; எவரிடம் வாங்குவது என்று எண்ணாமல் வழங்கியதே குற்றம்.

இதற்கு விடை கூறுவோர் விலையைக் காட்டுவர். கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் செம்பனை எண்ணெயைவிட விலை மிக்கவை என்பர். அது மெய்யே. ஆனால் விலையை அளக்கும் கோல் எது என்பதே கேள்வி. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் கையூட்டைத் தடுக்க வந்த நல்ல சட்டம். ஆனால் குறைந்த விலை குறிப்போனுக்கே ஒப்பந்தம் என்னும் அதன் நெறி, பணம் ஊரைவிட்டுப் போவதால் வரும் இழப்பைக் கணக்கில் கொள்வதில்லை. நூறு உருபாவுக்கு வெளியூரில் வாங்கினால் நூறும் போயிற்று. நூற்றைந்து உருபாவுக்கு உள்ளூரில் வாங்கினால், அதில் ஒரு பகுதி வரியாகத் திரும்பும்; ஒரு பகுதி வேலையற்றோர்க்கு அரசு கொடுக்கும் உதவியைக் குறைக்கும்; ஒரு பகுதி மற்றொரு தொழிலை வாழ்விக்கும். ஐந்து உருபா மிச்சம் பிடித்ததாகக் கணக்கர் மகிழலாம்; நூறு உருபா இழந்ததை ஊர் அறியும். மொத்த எண்ணெயையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுவதில்லை. தென்னை மிக்க மாவட்டத்தில் தேங்காய் எண்ணெயும், கடலை மிக்க மாவட்டத்தில் கடலை எண்ணெயும் ஒரு பங்கு என்று தொடங்கி, ஆண்டுதோறும் அப்பங்கை உயர்த்தினால், செக்குகள் மீண்டும் சுழலும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் கனமானது. ஊர்ப்பொருளை ஊரிடம் விட்டால், ஊரிலுள்ள வல்லவன் அதனை விழுங்கிவிடுவான்; சாதி மேலாளர் கையிலும் கட்சிக்காரர் கையிலும் அது சிக்கும் என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. கூட்டுறவுக் கழகங்களில் நகைக்கடன் மோசடிகள் நடந்ததை நாடறியும். ஊர் என்பது அக்கிரகாரமும் ஆண்டைத் தெருவும் மட்டும் அன்று, சேரியும் ஊரே, நிலமற்ற கூலியும், புலம்பெயர்ந்து வந்து உழைப்பவனும் ஊரே. இவர்களை வெளியில் நிறுத்தி, உள்ளிருப்போர் மட்டும் பகிர்ந்து கொள்வது ஊர்ச்செல்வம் ஆகாது. அது பழைய கொள்ளைக்குப் புதுப்பெயர். ஆயின், ஊரில் திருடன் இருக்கிறான் என்பதற்காக ஊர்ப்பொருளை எல்லாம் வெளியூரானுக்கு எழுதிக் கொடுப்பது எந்த முறை? திருட்டுக்கு மருந்து காவலும் கணக்கும். அக்காவல் மக்கள் கையில் உள்ள வாக்குச்சீட்டு.

அவ்வாக்குச்சீட்டுக்கு நேர்ந்த கதியைப் பார்க்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொன்பது துறைகளை ஊராட்சிகளுக்கு உரியனவாகப் பட்டியலிட்டது. தமிழ்நாடு 1994-இல் தன் ஊராட்சிச் சட்டத்தை இயற்றியது. உள்ளாட்சியின் பணிக்காலம் முடியுமுன்னரே அடுத்த தேர்தல் நடைபெற வேண்டும் என்பது அரசியல் சட்ட நெறி. நடந்தது என்ன? 2016 அக்தோபரில் பணிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 திசம்பர் வரை தேர்தல் இல்லை. சில மாவட்டங்களுக்கு 2021 வரை இல்லை. அவ்விடைக்காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டனர். தேர்ந்தெடுத்த அவை இல்லை என்று கூறி நடுவணரசு பணத்தையும் நிறுத்தி வைத்தது. 2019-இல் தேர்வுபெற்றோரின் பணிக்காலம் 2025 சனவரியில் முடிந்தபோதும், மறுபடியும் தனி அலுவலர்களே அமர்த்தப் பெற்றனர். கூட்டுறவுக் கழகங்களுக்கு 2018-இல் தேர்வான ஆட்சிக்குழுக்களின் காலம் 2023-இல் முடிந்தபோதும் அவ்வாறே. எக்கட்சி ஆண்டாலும் இக்குறை மாறவில்லை. தில்லியிடம் மாநிலத்தின் உரிமையைக் கேட்போர், ஊருக்கு உரியதைத் தாம் பூட்டி வைத்தல் தகுமோ? மேலிருந்து கீழே வரும் உரிமை சென்னைக் கோட்டையோடு நின்றுவிடுமாயின், தன்னாட்சி என்னும் சொல்லுக்குப் பொருள் பாதியே.

செய்ய வேண்டியவை அரியன அல்ல, ஐந்தே.

ஒன்று: ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகள், கல்லூரிகள், விடுதிகள், சிறைகள், போக்குவரத்துப் பணிமனைகள் ஆகியன ஆண்டுதோறும் என்னென்ன வாங்குகின்றன, யாரிடம் வாங்குகின்றன, எவ்வூருக்குப் பணம் போகிறது என்னும் கணக்கைத் தமிழில் அச்சிட்டு மக்கள் முன் வைத்தல் வேண்டும். பிரெசுட்டனின் முதல் வேலை அதுவே. எண்ணாததை எவரும் காக்க இயலாது.

இரண்டு: பெரிய ஒப்பந்தங்களைச் சிறு கூறுகளாக்குதல் வேண்டும். சிறுதொழிலாளர் கட்ட முடியாத முன்வைப்புத் தொகையையும், அவர் காட்ட முடியாத பெரும் விற்றுமுதல் வரம்பையும் தளர்த்துதல் வேண்டும். சிறுதொழில்களுக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதனை முதலில் அரசுத் துறைகளே கடைப்பிடித்துக் காட்டுதல் வேண்டும். பொருளைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பணத்துக்கு அலையும் சிறுதொழில், அரசின் ஒப்பந்தத்தாலேயே அழியும்.

மூன்று: பங்கீட்டுக் கடையில் விற்கும் எண்ணெயிலும் பருப்பிலும் அந்தந்த மாவட்ட விளைவுக்கு ஒரு பங்கு ஒதுக்குதல் வேண்டும்.

நான்கு: ஊராட்சிக்கும் கூட்டுறவுக்கும் உரிய காலத்தில் தேர்தல் நடத்துதல் வேண்டும். தனி அலுவலர் ஆட்சி என்பது தீ அணைப்போர் போல ஒரு நாள் வந்து போக வேண்டியதே அன்றி, வீட்டிலேயே குடியிருக்க வேண்டியதன்று.

ஐந்து: 1971-இல் சிப்காட்டு தோன்றிய நாள் முதல், தொழிற்பேட்டைக்கென உழவர் நிலம் எடுக்கப்பட்டு வருகிறது. நிலம் தந்தவனுக்கு ஒரு முறை பணம் கொடுத்து அனுப்பிவிடாமல், அந்நிலத்தின் வாடகையிலோ தொழிலின் பங்கிலோ அவனுக்கும் அவ்வூராட்சிக்கும் நிலையான உரிமை கொடுத்தல் வேண்டும். வரிச்சலுகை பெறும் நிறுவனம், அவ்வட்டாரத்தில் எவ்வளவு வாங்கும், எத்தனை பேரைப் பயிற்றும் என்று எழுதிக் கொடுத்தல் வேண்டும். எழுதியதைச் செய்யாவிடில் சலுகையைத் திரும்பப் பெறுதல் வேண்டும்.

இவை உலகத்தோடு உறவை அறுத்துக் கொள்ளும் வழியல்ல. யவனக் கலங்கள் மிளகுக்கு விலையாகப் பொன்னொடு வந்த துறைமுகங்களை உடையவர் தமிழர். கடல் வணிகத்தை அஞ்சியவர் அல்லர். அன்றும் அவர் வணிகத்தை வெறுத்ததில்லை. இன்றும் வெறுக்க வேண்டுவதில்லை. வெளியூரோடு விற்பதும் வாங்குவதும் ஏரிக்கு வரத்துக்காலும் கலிங்கும் போல்வன, இரண்டும் வேண்டும். கரை வேண்டாம் என்போர்க்கே இக்கட்டுரை.

பழந்தமிழர் ஏரி வெட்டியபோது, கரையைக் காக்க ஊர்ச்சபையில் ஒரு வாரியத்தையும் அமைத்தனர். உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகிறது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக இயலாது என்றும் விதிக்கிறது. அச்சபையில் எல்லார்க்கும் இடம் இருந்ததில்லை என்பது அதன் குறை. அக்குறையை நீக்கி, அதன் கணக்கு ஒழுங்கை மட்டும் மீட்டெடுப்பது இக்காலத்தார் கடமை. நீருக்குக் கரை கட்டத் தெரிந்த இனம், பொருளுக்குக் கரை கட்ட அறியாமல் நிற்பது இரங்கத்தக்கது. அடுத்த முறை அமைச்சர் ஒருவர் ஊருக்கு வந்து, 'இத்தனை ஆயிரம் கோடி முதலீடு கொண்டு வந்தோம்' என்று முழங்குவாராயின், ஊரார் கைதட்டுமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: வந்தது எவ்வளவு என்பதன்று, நின்றது எவ்வளவு?